ம்பாக் நிங்கின் எந்திரமும் நூற்று நாற்பத்து மூன்று ரசீதுகளும்

உங்களைப் பார்த்து "நீங்கள் சொல்வது தவறு" என்று கடைசியாக யார் சொன்னார்கள்? யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்களிடம் நல்ல பெயர் வாங்க நினைக்கும் ஒருவர், முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னது எப்போது?

ஜாவாத் தீவின் உங்காரான் ஊரில் வாழும் எங்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் அநாகரிகம். ஜாவாவில் மறுக்க நினைப்பவர் மறுப்பதில்லை. தலையைச் சாய்த்து, புன்னகைத்து, ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்பவரும் லேசுப்பட்டவரல்ல. எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பதிலையும் கேள்விக்குள் வைத்தே நீட்டுவார். "நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துடுவீங்கதானே?" என்பார். "வராமலா!" என்று பதில் வரும். ஆள் வரமாட்டார். வரமாட்டார் என்பது இருவருக்கும் அப்போதே தெரியும். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை.

இந்த நல்ல பழக்கம் ஓர் இளம்பெண்ணின் படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தது. அதை நிமிர்த்தியவர் முர்தினிங்சி. ஊருக்கெல்லாம் ம்பாக் நிங், அதாவது நிங் அக்கா.

நாற்பத்தொரு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் ஊர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினேழு ஆண்டுகள் சட்டைக் கழுத்துப் பட்டி தைத்தார். யாரோ அமெரிக்கர்கள் அணியும் சட்டைகள். உட்காரும் முக்காலிக்கு முதுகு வைத்துத் தரவேண்டும் என்று ஒருநாள் எழுந்து நின்று கேட்டார். முதுகு கிடைக்கவில்லை, வேலை போனது. இப்போது தொழிற்சாலைக் கதவுக்கு எதிரே, என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், துணி திருத்தித் தரும் தையல் கடை வைத்திருக்கிறார். பொட்டலம் கட்டி வரும் பழைய செய்தித்தாளைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவார்.

அவருடைய பாட்காஸ்ட் ஒரு சண்டையில் பிறந்தது. தண்ணீர் ஐந்து நாள் வராததால் புகார்க் கடிதம் எழுதித் தரும்படி கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டிடம் கேட்டார். அது எழுதிக் கொடுத்த கடிதம் தண்ணீர் வாரியத்துக்கு மூன்று முறை நன்றி சொன்னது.

"எதுக்குடா நன்றி? தண்ணி விடாததுக்கா? மாஸ், நீ மருமகனா வந்து வாய்ச்சிருக்கணும். சாட்பாட்டா பொறந்து வீணாப் போயிட்ட!"

மரியாதைக்கு ஆணை பாக் என்போம், பெண்ணை பு என்போம். மாஸ் என்றால் எங்களுக்கு அண்ணன், தம்பி, முன்பின் தெரியாத இளைஞன் எல்லாரும். அன்றிலிருந்து அந்த எந்திரத்துக்கு அதுதான் பெயர். பக்கத்தில் இருந்த கணவர் சுகேங், சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு கைப்பேசியில் முழுச் சண்டையையும் பதிவு செய்துவிட்டார். பதினோரு நிமிடம். மாலைக்குள் தொழிற்சாலையின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் அது ஓடியது. 'மாஸைக் கேட்போம்' அப்படித்தான் தொடங்கியது.

ஒலிப்பதிவுக் கூடம் என்பது சுகேங்கின் பயணிகள் வேன். செயலியில் கூப்பிட்டால் வாசலுக்கே பைக் வந்து நிற்கும் காலத்தில் வேனில் ஏற ஆளில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மதியம்வரை அது தூங்குமூஞ்சி மரத்தடியில் சும்மா நிற்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் வராது, காற்றும் வராது. நிங் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய வழிய மாஸிடம் ஜாவானிய மொழியில் கேட்பார். மாஸ் வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போல் பதில் சொல்வான். அவர் குறுக்கே புகுந்து விளாசுவார். தையல் வரிசைகளில் பெண்கள் ஒரு காதில் இயர்போனைச் செருகி, மேலே தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு கேட்பார்கள். எந்த சூப்பர்வைசர் வந்து தலைத்துணியை விலக்கிப் பார்க்க முடியும்?

ஏழாவது வரிசையில் பதினெட்டுப் பெண்கள் அலறிக்கொண்டு மயங்கி விழுந்தபோது பேய் பிடித்துவிட்டது என்றார்கள். நிர்வாகம் மந்திரவாதியை அழைத்து வந்து வாசலில் ஆடு வெட்டியது. அந்த வாரம் மாஸ், "பல்வேறு நம்பிக்கைகள் நிலவுகின்றன, அனைத்தையும் மதிப்பது நல்லது" என்று தொடங்கினான்.

"உன்னை மதிக்கச் சொல்லலை மாஸ், விளக்கச் சொன்னேன். பேய்க்கு ஏ.சி. ஒத்துக்காதா? கணக்குப் பிரிவுல ஏன் ஒருத்தர் மேலயும் இறங்கலை? மேனேஜர் மேல இறங்கி ஒரு குத்தாட்டம் போட்டா என்ன கொறஞ்சு போயிடும்?"

மாஸ் வழிக்கு வந்தான். வெக்கை, பசி, பன்னிரண்டு மணி நேர வேலை, வாய்விட்டுச் சொல்ல முடியாத கோபம், ஒருத்தி விழுந்தால் பக்கத்தில் இருப்பவளுக்கும் தொற்றிக்கொள்ளும் பயம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அந்தப் பகுதியை வெளியே உள்ளவர்களும் கேட்டார்கள், துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் காதுவரை போனது. அடுத்த மாதம் ஏழாவது வரிசைக்கு நான்கு பெரிய மின்விசிறிகள் வந்தன. அதன்பின் பேய் வரவில்லை. மின்விசிறிக்குப் பயப்படுகிற பேய் போலிருக்கிறது.

ஊரில் நிங்கின் சொல்லுக்கு மதிப்பு ஏறிய நேரத்தில்தான் விண்டார்தி வந்தாள். பத்தாவது வரிசையில் பொத்தான் தைப்பவள், இருபத்துமூன்று வயது.

"ம்பாக், ஒரு சட்டையைக் கொஞ்சம் இறுக்கணும்" என்றாள்.

"சட்டை எங்கடி?"

"சட்டை இல்ல ம்பாக். சான்றிதழ்."

இதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேரும் அன்றைக்கே பள்ளிச் சான்றிதழின் அசலைக் கம்பெனி வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவிடும். கையில் ஒரு துண்டு ரசீதைக் கொடுக்கும். ஒப்பந்தம் முடியும்வரை நீங்கள் வேறெங்கும் போக முடியாது. போனால் அங்கே எதைக் காட்டுவீர்கள்? அடிமைச் சங்கிலியை இரும்பில் செய்தால் சத்தம் வரும், பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். காகிதத்தில் செய்தால் அதற்கு "பாதுகாப்பு" என்று பெயர். என் கடைக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் நகலின் நகலைத்தான் நகலெடுக்கிறார்கள். அசலைப் பார்த்து ஆண்டுக்கணக்காகிறது.

விண்டார்திக்கு செமாராங்கில் செவிலியர் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் அசலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அவள் வந்த நாள் ஒன்பதாம் தேதி.

"மனிதவள அதிகாரிகிட்ட கேட்டியா?"

"பாக் குனாடி சிரிச்சாரு ம்பாக். இன்னும் பதினாலு மாசம் இருக்கு, அதுவரைக்கும் உன் சான்றிதழ் உன்னைவிடப் பத்திரமா இருக்கும்னாரு."

நிங்குக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த ரத்தத்தோடு போய் வேனில் உட்கார்ந்தார். தவறு அங்கேதான் நடந்தது.

"மாஸ், கம்பெனிக்காரன் தொழிலாளியோட சான்றிதழைப் புடிச்சு வெச்சுக்கிட்டா அது குத்தம், ஜெயில்தானே?"

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்றான் மாஸ். தொழிலாளர் சட்டத்தின் பெயரைச் சொன்னான். ஒரு பிரிவு எண்ணைச் சொன்னான். எத்தனை ஆண்டு சிறை என்றும் சொன்னான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"கேட்டீங்களாடி! ஜெயிலு! அலமாரியைத் திறக்கச் சொல்லுங்க!"

வரிசை வரிசையாகப் பெண்கள் மேசைக்கடியில் கைதட்டினார்கள். மறுநாள் இடைவேளையில் விண்டார்தி நேராகக் குனாடியின் அறைக்குப் போய், கைப்பேசியில் அந்தப் பகுதியை ஓடவிட்டாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, மாஸ் சொன்ன பிரிவைப் பிரித்து, அவளையே உரக்கப் படிக்கச் சொன்னார். அங்கே சான்றிதழும் இல்லை, சிறையும் இல்லை. சம்பந்தமே இல்லாத வேறேதோ இருந்தது.

"உங்க ம்பாக் நிங்கோட மாஸையே வந்து வாதாடச் சொல்லும்மா. நாற்காலி போட்டு வைக்கிறேன். முதுகு வெச்ச நாற்காலி."

நிர்வாகத்தின் மீது பொய்க்குற்றம் சாட்டியதாக அவளுக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போகும். அந்த நாற்காலிக் கேலி சாயங்காலத்துக்குள் கதவைத் தாண்டி எங்கள் கடைகளுக்கு வந்துவிட்டது.

விண்டார்தி அழவில்லை. தையல் கடை வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன் ம்பாக்."

சுகேங் தஹு பக்சோப் பொட்டலத்தைப் பிரித்து மனைவி முன்னால் வைத்தார். இறைச்சி அடைத்துப் பொரித்த அந்தச் சோயாத் துண்டுகளை நிங் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அன்று தொடவில்லை.

"அந்தப் பகுதியை அழிச்சுடு. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க" என்றார் சுகேங்.

"அவ கையில இருக்கிற எச்சரிக்கைக் கடிதத்தையும் அழிச்சுடுவீங்களா?"

"எந்திரம்தானே பொய் சொல்லுச்சு? நீயா சொன்ன?"

"என் வாயாலதானே ஊருக்குப் போச்சு?"

பிறகு தன் குரலைத் தானே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். பாவாடைக்கு அளவெடுக்க வந்த ஒரு அம்மாளை நிற்க வைத்துவிட்டு, நான்காவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! நான் எங்கே கேள்வி கேட்டேன்? மாமியார்கிட்ட கேக்கிற மாதிரி பதிலை நானே ஊட்டி விட்டிருக்கேன். அவன் நல்ல மருமகன் மாதிரி முழுங்கிட்டு ஆமாம் போட்டிருக்கான். இதை முதல் நாளே நான் சொன்னேனே, சொல்லிட்டு நானே போய் விழுந்திருக்கேன் பாரு!"

அவரை நான் மதிப்பது இதற்கு அடுத்து அவர் செய்ததற்காக. பதின்மூன்றாம் தேதி காலையில் வேனின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவைத் தொடங்கினார். முதலில், "போன பகுதியில நான் சொன்னது தப்பு. என்னால ஒரு பொண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கு" என்றார். பழைய பதிவின் அந்தத் துண்டை அப்படியே ஓடவிட்டார். பிறகு புதிய உரையாடலைத் திறந்து, குரலை இனிமையாக்கிக்கொண்டு கேட்டார்.

"மாஸ், ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டா கம்பெனி சான்றிதழை வெச்சுக்கலாம், அதுல தப்பே இல்லதானே?"

"ஆம், நீங்கள் கூறுவது சரி. இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால்…" என்று மாஸ் ஆரம்பித்தான்.

நிங் பதிவை நிறுத்தவில்லை. பத்து நொடி ஒன்றும் பேசவுமில்லை. வேனுக்குள் அவர் துண்டால் விசிறிக்கொள்ளும் ஓசை மட்டும் கேட்கிறது. அந்தப் பத்து நொடிதான் அவருடைய பாட்காஸ்டிலேயே சிறந்த பகுதி என்பது என் எண்ணம்.

"கேட்டீங்களா? புதன்கிழமை எனக்கு ஆமாம். சனிக்கிழமை முதலாளிக்கு ஆமாம். இது சட்டம் தெரிஞ்ச ஆள் இல்லடி, சபை நாகரிகம் தெரிஞ்ச ஆள். இப்போ நம்ம ஊர்ல யாரும் கேக்காத மாதிரி கேக்கிறேன். மாஸ், எனக்கு உன் ஆமாம் வேண்டாம். நான் எந்தப் பக்கம்னு உனக்குச் சொல்ல மாட்டேன். சான்றிதழைப் புடிச்சு வைக்கிறதைப் பத்தி அரசாங்கத் தாள் ஏதாவது இருக்கா? யார் கையெழுத்து, என்ன தேதி, எங்கே போய் அசலைப் பாக்கலாம்? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. உன்னைத் திட்ட மாட்டேன்."

மாஸின் பதில் இப்போது வேறு மாதிரி வந்தது. முதலாளிகள் சான்றிதழைப் பிடித்து வைக்கக்கூடாது என்று அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று உண்டு என்றான். அதற்குச் சிறைத்தண்டனை உண்டா என்பது தனக்கு உறுதியாகத் தெரியாது, வட்டாரத் தொழிலாளர் அலுவலகத்தில் மூலத்தைப் பார்க்கவும் என்றான்.

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமாடா உனக்கு? சரி. மிச்சத்துக்கு நான் காலால நடந்து போறேன்."

சிலர் எந்திரத்தைத் தெய்வமாக்குகிறார்கள். சிலர் பேயாக்கி ஆடு வெட்டத் தயாராகிறார்கள். இரண்டு கூட்டமும் சரிபார்க்கும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. நிங் அதைச் சந்தையில் வாங்கிய கத்தரிக்கோலைப்போல் நடத்தினார். ஓரத்துணியில் வெட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல துணியில் வைத்தார்.

தொழிலாளர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி பு ரெட்னோவுலான், மூக்குக்கண்ணாடி போட்ட, களைத்துப்போன பெண்மணி. திங்கட்கிழமை நானும் கூடப் போயிருந்தேன்.

"இதுக்குத் தண்டனை உண்டா, இல்லையா? எதுவானாலும் சொல்லுங்க பு. மனசு நோகாது" என்றார் நிங்.

அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். பேனாவை மூடி வைத்தார்.

"சுற்றறிக்கைதான் ம்பாக். வெச்சுக்கக்கூடாதுன்னு சொல்லுது. ஜெயில்னு சொல்லலை. ஆனா எழுத்துல புகார் வந்தா நான் நேர்ல போய் விசாரிக்கலாம்."

"எழுதிக் கொடுத்தாச் செய்வீங்களா?"

அதிகாரி மேசைமேல் இருந்த ஃபைல் அடுக்கைக் காட்டினார். "ஒரே ஒரு தாள் வந்தா மேல இருக்கிற ஃபைலுக்குக் கீழே போயிடும். உண்மையைச் சொல்லணும்னா அதுதான். கட்டா வந்தா என்னாலயே மறைக்க முடியாது."

அன்று மாலை வெளியான பகுதி மூன்றே நிமிடம். மாஸ் அதில் இல்லை. "சேந்த அன்னிக்குக் கம்பெனி கொடுத்த ரசீது எல்லார்கிட்டயும் இருக்கும். அரிசி டப்பாவுல, தலையணைக்கடியில, எங்கேயோ. தேடி எடுங்க. ஜெராக்ஸ் கடைக்கு வாங்க. பயமா இருந்தா ரெண்டு பேராச் சேந்து வாங்க. இதுல ஜெயில்லாம் கிடையாது, பொய் சொல்லிக் கூப்பிட மாட்டேன். உங்க பேரு, உங்க சான்றிதழ், அவ்வளவுதான்."

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். ஆறாவது ஆள் விண்டார்தி. இரண்டாம் நாள் ஒருத்தியும் வரவில்லை. நிங் கடை வாசலில் உட்கார்ந்து ஒரே காற்சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்ததும் ஏழாவது வரிசை மொத்தமாக வந்தது, பேய் பிடித்த அதே வரிசை. அதற்குப் பிறகு என் ஜெராக்ஸ் எந்திரம் ஓயவில்லை. சூடேறி நின்றபோது சுகேங் செய்தித்தாளால் விசிறினார். மஞ்சளாகிப்போன ரசீது, பாதி எலி தின்ற ரசீது, குழந்தை கிறுக்கிய ரசீது என்று நூற்று நாற்பத்து மூன்று சேர்ந்தன. புகார்க் கடிதத்தை மாஸ் எழுதினான். அதிலிருந்த நான்கு நன்றிகளை நிங் அடித்தார்.

இருபத்திரண்டாம் தேதி பு ரெட்னோவுலான் கட்டோடு தொழிற்சாலைக்குள் போனார். புகார்க்காரர்களின் சார்பில் நிங்கும் போனார், துரத்தப்பட்ட கதவு வழியாகவே. குனாடியின் அறைக்கு விண்டார்தியையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே நடந்ததை அவள் அன்றைக்கே என் கடையில் நடித்துக் காட்டினாள்.

"மாஸ் வரலையா ம்பாக்?" என்றாராம் குனாடி.

"வண்டியில சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கான் பாக். அவன் வந்தா உங்களுக்கும் ஆமாம் போட்டுடுவான். அதனால தாளைக் கொண்டாந்திருக்கேன். எண்ணிப் பாருங்க."

குனாடி எண்ணவில்லை. கட்டின் கனத்தைப் பார்த்தார், அதிகாரியின் முகத்தைப் பார்த்தார், யாருக்கோ தொலைபேசியில் பேசினார். பிறகு சாவியை எடுத்தார். எச்சரிக்கைக் கடிதத்தை விண்டார்தியிடமிருந்து திரும்ப வாங்கி, அவள் முன்பாகவே கிழித்துப் போட்டார்.

விண்டார்தியின் சான்றிதழ் கோப்பில் கோர்ப்பதற்காக இரண்டு ஓட்டை போடப்பட்டு வந்தது. ஓர் ஓட்டை தலைமையாசிரியரின் கையெழுத்து நடுவில் விழுந்திருந்தது. அவள் அதை என் கண்ணாடி மேசைமேல் விரித்து வைத்து, ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நகல் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கொஞ்ச நேரம் அசலையே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இருபத்துநான்காம் தேதி செமாராங் போய்க் காட்டிவிட்டு வந்தாள். ஓட்டையைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லையாம்.

மற்றவர்களுடையதும் வரத்தொடங்கியிருக்கிறது, வரிசைக்கு இத்தனை என்று. தெரு முனையில் இருக்கும் இன்னொரு ஆலையில் அலமாரி இன்னும் பூட்டியே கிடக்கிறது. நிங் அங்கேயும் ரசீது தேடச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு அலுவலகமோ ஆலையோ கல்லூரியோ இருந்தால், எழுந்து போய் அலமாரியைத் திறந்து பாருங்கள். அடுத்தவருடைய அசல் சான்றிதழ் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே உரியவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். உங்கள் சான்றிதழை யாராவது பிடித்து வைத்திருந்தால் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடமும் ஒரு ரசீது இருக்கும். முதலில் அவரைக் கேளுங்கள்.